ஒன்பது கிலோ

முதலில் பார்த்தது இணுவிலில்.
கேற்றடியில் புதுப் பெயின்ற் மணம்,
உள்ளே ரைல்ஸ் பதித்த விறாந்தை, எட்டுக் கதிரை.
எட்டும் ரீவியைப் பார்த்தபடி.
ரீவி நிற்பாட்டிக் கிடந்தது.

ஸ்காபரோவில் இரவு ஒரு மணி.
வட்ஸ்அப்பில் அண்ணா,
"கமராவைத் திருப்பு, பாத்ரூமைக் காட்டு" என்றான்.
காட்டினேன்.
"பிடிச்சு எழும்பக் கம்பி இருக்கோ?"
இருந்தது. ஒரு பக்கம் ஆணி கழன்று.
தங்கச்சி நோர்வேயில் வேலைக்குப் போகும் பஸ்ஸில்:
"ஏசி அறையெண்டால் நான் காசு தாறன்."
அப்பாவுக்கு ஏசி ஆகாது.
அது தெரியாமல் போகிற அளவுக்கு
அவள் போய்ப் பதினேழு வருடம்.

எனக்குத் தெரியும்.
அவர் கட்டின வீடு, உறுதியில் என் பெயர்.
சீதனம் எழுதின நாளிலிருந்து
சுவரில் ஆணி அடிக்கவும் என்னைக் கேட்கிற மனிதர்.
ஆறே முக்காலுக்கு நான் பள்ளிக்கூடம் போனால்
இரண்டரை வரைக்கும்
அப்பாவும் காஸ் அடுப்பும்தான்.
பங்குனியில் ஒருநாள்
அடுப்புத் திறந்தபடி இருந்தது, நெருப்பில்லாமல்.

இரண்டாவது உரும்பிராயில்.
பொறுப்பாய் இருந்த பெண் என்னைப் பார்த்துக் கேட்டாள்,
"கட்டிலில் மூத்திரம் போவாரோ?"
நான் வாய் திறக்க முதல்
பக்கத்தில் இருந்த அப்பா சொன்னார்,
"இன்னும் இல்லை, மோனை."
போன் என் கையில் சூடாய் இருந்தது.
அங்கே இருவரும் பேசாமல் நின்றார்கள்.
படம் இறுகிவிட்டதோ என்று நினைத்தேன்.

பிறகு ஒரு வாரம் நாங்கள் மூவரும் சண்டை.
அண்ணா விலைகளை அட்டவணை போட்டு அனுப்பினான்.
தங்கச்சி, "சனம் என்ன சொல்லும்" என்றாள்.
"சனம் வந்து பாக்குமோ?" என்று கேட்டேன்.
கேட்டிருக்கக் கூடாது.
இரவெல்லாம் அவள் அழுத குரற்பதிவுகள்.

மூன்றாவது சண்டிலிப்பாயில்.
ஓட்டோ நிற்க முதலே நாய் வந்து
அப்பாவின் காலை மணந்துவிட்டு வாலாட்டியது.
அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்கவேணும்.
மனேஜர் கொப்பியைத் திறந்தார்:
"ஐயா போன மாதம் வந்து பாத்திட்டுப் போனவர் எல்லோ?"

காங்கேசன்துறை சீமெந்து ஆலையில்
இருபத்திநாலு வருடம் லொறி நிறுத்த கையெழுத்து,
ஒவ்வொரு இலக்கமும் தனித்தனியாய் நிமிர்ந்து:
பெயர், கதிரவேலு குலவீரசிங்கம்.
பிள்ளைகள், மூன்று.
பொறுப்பாளர், நானே.
வைப்புப்பணம் அரைவாசி கட்டி
ரசீது வாங்கியிருந்தார்,
பென்சன் எடுக்கப் போறன் என்று
குடையோடு மினிபஸ் ஏறின அன்றைக்கு.

"ஏனப்பா சொல்லேல்லை?"
"நீங்கள் மூண்டு பேரும் கதைச்சு முடியட்டும் எண்டு
பாத்துக்கொண்டிருந்தனான்."
"என்னவாம், என்னவாம்" என்று
கைக்குள் அண்ணா கத்திக்கொண்டிருந்தான்.

அப்பாவுக்கு இரண்டே கேள்வி.
கேற் எத்தனை மணிக்குப் பூட்டுறது?
எட்டு.
இந்தக் கட்டிலில் முந்தி ஆர் கிடந்தது?
மனேஜர் ஒரு பெயர் சொன்னார்.
அப்பா தலையாட்டினார், அறிமுகமாகிக்கொண்டதுபோல.

ஆவணி முதலாம் கிழமை அவரே பாக் அடுக்கினார்.
ஒரு கையால் தூக்கிப் பார்த்து,
"ஒன்பது கிலோ" என்றார்.
அரிசித் தராசில் வைத்துப் பார்த்தான் என் மகன்.
ஒன்பதேதான்.

திறப்புக் கோர்வையிலிருந்து
வீட்டுத் திறப்பைக் கழற்றி மேசையில் வைத்தார்.
சைக்கிள் திறப்பைச் சேட் பொக்கற்றில் போட்டுக்கொண்டார்.
அந்தச் சைக்கிளை விற்றுப் போன தைக்கு ஒரு வருடம்.
அவர்தான் விலை பேசினார்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
ஓட்டோக்காரன் ஹோர்ன் அடித்தான்.